எருக்கில் பூ மட்டும் வேண்டியவர்கள்

ஓர் உண்மையை முழுமையாக எழுதிப் பொதுவிடத்தில் நட்டுவைத்த பிறகு, அதில் பாதியை மட்டும் ஒருவர் பிய்த்தெடுத்து ஆயுதமாக்கிக்கொண்டால், எழுதியவருக்கும் அந்தக் காயத்தில் பங்கு உண்டா? பல்கலைக்கழகத்தில் இப்படியொரு கேள்வி வந்திருந்தால், இரு பக்கத்து நியாயங்களையும் நிறுத்துப் பார்த்து, எவர் மனமும் கோணாத முடிவுரை ஒன்றை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பேன். சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்புறம், வெட்டிப் போட்ட கிளைகளுக்கு நடுவே குந்தி, புழுக்களைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அருகில் நின்றபோது, என்னிடம் முடிவுரை எதுவும் இல்லை.

அந்தப் பெண்ணை நான் அக்கா என்று அழைப்பேன். உறவு ஏதுமில்லை, எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, ஏழாவது மாடியில் தனியாகக் குடியிருந்தவர். பல் மருத்துவ நிலையம் ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவர், படுக்கையில் விழுந்த தாயைக் கவனிக்க அந்த வேலையை விட்டார். தாய் இறந்த பிறகு மறுபடியும் வேலை தேடினார். நடுவயதைக் கடந்த ஒருவரிடம் எவ்வளவு மரியாதையாகப் பேசி எவ்வளவு விரைவாக வெளியே அனுப்பிவிட முடியும் என்பதை நேர்முகத் தேர்வுகளில் கற்றுக்கொண்டார். பிறகு விண்ணப்பிப்பதையே நிறுத்தினார். மின்தூக்கியில் அவரைப் பார்ப்பது அரிதாயிற்று. அவர் வீட்டுக் கம்பிக் கதவில் யாரோ மாட்டிவிட்டுப் போன உணவுப் பை மாலைவரை எடுக்கப்படாமல் தொங்கியதை என் அம்மா ஒருமுறை கவலையோடு சொன்னார்.

சமூகத் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் அவருக்குக் கிடைத்தது அப்போதுதான். எங்கள் புளோக்குக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் இடையில், இடுப்பளவு வேலிக்குள் இருக்கும் தோட்டம் அது. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, விரும்புகிறவர்களுக்குக் குலுக்கல் முறையில் கொடுப்பார்கள். பெரும்பாலும் கங்கோங் கீரை, செராய் என்னும் எலுமிச்சைப்புல், பாண்டான் வாசனை இலை, மிளகாய். நான் ஒரு சமூக சேவை அமைப்பில் ஆய்வு வேலை பார்க்கிறவள். ஆங்கிலமும் தமிழும் பிழையின்றி எழுதுவேன் என்ற ஒரே தகுதியால் தோட்டக் குழுவின் செயலாளராக்கப்பட்டிருந்தேன். அக்காவின் பெயரைக் குலுக்கலில் சேர்த்தது நான்தான். ஏழாவது மாடியிலிருந்து கீழே இறங்கி வர அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நிலம் அந்தக் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன். அது அப்படியே நடந்தது.

ஆனால் அவர் நட்டது கங்கோங் அல்ல, எருக்கு.

எருக்குக்குத் தமிழர் வீடுகளில் இரண்டு முகங்கள். பிள்ளையார் சதுர்த்தியன்று அது மாலை. மற்ற நாள்களில் அது சாபம். ஒரு குடும்பம் சிதைந்து போகவேண்டும் என்று மனமாரச் சபிக்கிறவர்கள், உன் வீட்டில் எருக்கு முளைக்கட்டும் என்பார்கள். ஆளரவமற்ற இடத்தில், சுவர் சரிந்த மனையில் தானாக முளைக்கும் செடி அது. ஆகவே பூவைக் கோயிலுக்கு வாங்குவார்கள். செடியை வீட்டருகே அண்டவிடமாட்டார்கள். சுவர் சரிய வாய்ப்பே இல்லாத கான்கிரீட் அடுக்குகளில், மண்ணைத் தொடாமலே தலைமுறைகள் பிறந்து வளரும் இந்த ஊரிலும், அந்த அச்சம் ஒரு குறையுமின்றிப் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

“எருக்கையா நட்டிருக்கா? வீட்டு வாசல்லயா?” என்றார் என் அம்மா.

“வாசல்ல இல்லம்மா. ஏழு மாடிக்குக் கீழ.”

“கீழன்னா? மேல போறவ கீழ நடந்துதானேடி போகணும்?”

அக்கா அதை நட்டது, பின்னால் அதைத் தேடி வந்த பட்டாம்பூச்சிகளுக்காக அல்ல. தேக்கா சந்தையில் வாங்கும் எருக்கமாலை விமானத்திலும் குளிர்பெட்டியிலும் வந்து அரைவாடலாக இருக்கிறது. இந்த ஆண்டுச் சதுர்த்திக்குத் தம் கையால் வளர்த்த செடியிலிருந்து பறித்துக் கட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். நர்சரியில் மூன்று கன்றுகள் வாங்கிவந்தார். சிங்கப்பூர் வெயிலிலும் மழையிலும் அவை அவர் தோளைத் தொடுமளவு விரைவாக வளர்ந்தன. மொட்டு வருவதற்கு முன்பே புழு வந்துவிட்டது.

“மருந்து ஏதாவது இருக்காம்மா? பூரா இலையும் ஓட்டை” என்று ஒரு சனிக்கிழமை காலையில் என் கதவைத் தட்டினார். மருந்து தேடுவதற்கு முன் அது என்ன புழு என்று பார்க்கலாம் என்று கீழே போனோம். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையமிட்ட உடல். முதுகில் சோடி சோடியாகக் கறுப்பு இழைகள். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு. காய்ந்த ஆரஞ்சுத் தோலின் நிறத்தில், இறக்கை முனையில் கறுப்பும் வெள்ளைப் புள்ளியுமாக, எந்த அவசரமும் இல்லாமல் பறக்குமே, அதுதான். அது ஏன் அவசரப்படுவதில்லை என்பதற்கும் இந்தச் செடிதான் காரணம். எருக்கம்பால் நஞ்சு. புழு அந்த நஞ்சை இலையோடு தின்று, செரித்துக் கழித்துவிடாமல் உடலில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. இறக்கை முளைத்த பின்னும் அந்த நஞ்சு கூடவே இருக்கிறது. ஒருமுறை கடித்துப் பார்த்துக் குமட்டிய பறவை, அந்த நிறத்தை மறுபடி தொடுவதில்லை.

தேன் குடிக்க அதற்கு எந்தப் பூவும் போதும். முட்டையிட மட்டும் எருக்கும் அதன் இனத்துப் பால்செடிகளும் வேண்டும். தாய் காலால் இலையைத் தொட்டுச் சுவை பார்த்து, சரியான செடிதான் என்று உறுதிசெய்த பிறகே அடிப்பக்கத்தில் ஒற்றை முட்டையை ஒட்டும். வேறு இலையில் பிறக்கும் புழு பட்டினி கிடந்து சாகுமே தவிர, அந்த இலையைக் கடிக்காது. பட்டாம்பூச்சித் தோட்டம் என்று பெயர் சூட்டி நாம் நகரெங்கும் நடும் பூச்செடிகளில் பல வெறும் உணவங்காடிகள். பிள்ளை வளர்க்க வீடு வேண்டுமென்றால் எருக்கிடம்தான் வரவேண்டும். அரசு அடுக்குமாடி வீட்டுக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை என்று நான் நம்பினேன்.

அக்கா நான் சொன்னதையெல்லாம் பாதிதான் கேட்டார். அவர் ஒரு புழுவையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது இலையைத் தின்னவில்லை. நடுநரம்பை ஓரிடத்தில் கடித்துவிட்டு ஒதுங்கி நின்றது. காயத்திலிருந்து பால் திரண்டு சொட்டியது. சொட்டுவது குறைந்ததும், நுனிப் பக்கம் ஏறிப் போய் நிதானமாகத் தின்னத் தொடங்கியது.

“பாத்தியா? பைப்பை மூடிட்டு வந்து சாப்பிடுது” என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“அப்ப மாலைக்கு என்னக்கா பண்றது? இதுங்க விட்டா மொட்டையும் முடிச்சுடும்.”

“பிள்ளையாருக்குப் பெரிய வயிறு. ஒரு வருஷம் பொறுத்துக்குவாரு. இதுங்க ஒரு நாள் பொறுக்குமா?”

அதன்பின் அவர் காலையும் மாலையும் கீழே இருந்தார். எந்த இலையின் அடியில் முட்டை, எந்தப் புழு தோலுரிக்கத் தயாராக அசையாமல் கிடக்கிறது, எது வேலிக்கம்பியில் போய்ப் பச்சைக் கூடாகத் தொங்குகிறது என்று கேட்பவர்களுக்கெல்லாம் காட்டினார். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் பணிப்பெண்கள் நின்று பார்த்தார்கள். செராய் வளர்க்கும், மாக்சிக் என்று நாங்கள் அழைக்கும் மலாய்க்காரப் பெரியம்மா தம் துண்டிலிருந்து ஒரு நாற்காலியை அக்காவுக்கு நகர்த்திப் போட்டார். எங்கள் குழுத் தலைவரான சீனப் பெரியவர், ஒழுங்கையும் கோப்புகளையும் நேசிப்பவர், ஒரு காலை ஐந்தாறு பட்டாம்பூச்சிகள் ஒன்றாகப் பறப்பதைக் கண்டு, இதற்கு ஒரு தகவல் பலகை வைக்கவேண்டும் என்றார். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பலகையில் முதல் வரியாக எச்சரிக்கையை வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவள் நான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடும் தீங்கு நேரும். அதை அடியில் சிறிய எழுத்தில் ஒளித்துவைப்பது நேர்மையல்ல. ஆகவே இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் சிவப்பில் எழுதினோம்: ‘இச்செடியின் பால் நச்சுடையது. தொடாதீர்கள்.’ அதன் கீழே கறுப்பில், அந்த நஞ்சு எப்படி ஓர் உயிரின் கவசமாகிறது, இந்தச் செடி இல்லாவிட்டால் எது இல்லாமல் போகும் என்பதை ஒரு பத்தியாக விளக்கியிருந்தேன். அந்தப் பத்திக்காக நான் நிறைய உழைத்தேன். இப்போதும் அதில் ஒரு சொல்லை மாற்ற எனக்குத் தோன்றவில்லை.

சதுர்த்திக்குச் சில வாரங்கள் இருக்கையில், புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பலகையின் படம்தான். சிவப்பு வரிகள் மட்டும் தெரியும்படி நறுக்கப்பட்டிருந்தது. கறுப்புப் பத்தி இல்லை. ‘பிள்ளைகள் நடமாடும் இடத்தில் நச்சுச் செடி. யார் அனுமதி கொடுத்தது?’ என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. மாலைக்குள் அது பல கைகள் மாறி, கேள்விக்குறிகள் பெருகி, யாருடைய பிள்ளைக்கோ ஏற்கெனவே கண்ணில் பட்டுவிட்டது என்ற வதந்தியாகத் திரும்பி வந்தது. அப்படி எந்தப் பிள்ளைக்கும் எதுவும் நடக்கவில்லை. வேலியோரம் நின்று கைப்பேசியில் புழுவைப் படம் பிடித்துப் போனவர்களே, தாங்கள் அப்போதே சந்தேகப்பட்டதாக எழுதினார்கள்.

எழுத்துபூர்வமாக வந்த புகார் ஒன்றுதான். அனுப்பியவர் இரண்டாவது மாடி மூலை வீட்டு அங்கிள்.

அவரைப் பற்றித் தவறாக எழுத எனக்கு உரிமையில்லை. துறைமுகத்தில் மின்பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மின்தூக்கி பழுதாகியிருந்த நாள்களில் அக்காவின் தாயைச் சக்கர நாற்காலியோடு படியில் இறக்கியவர்களில் ஒருவர். அந்த அம்மா இறந்தபோது ஈமச்சடங்குக்கு ஆள் சொல்லி, வண்டி சொல்லி, முதலில் வந்து நின்றவர். அவர் வீட்டுச் சமையலறைச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது அக்காவின் நிலம். எருக்கு நட்ட புதிதில் சன்னலிலிருந்து குனிந்து, “என்னம்மா, என் மூஞ்சிக்கு நேராவா? வேற இடம் கிடைக்கலையா?” என்று கேட்டிருக்கிறார்.

“குலுக்கல்ல விழுந்த இடம், அங்கிள். உங்க மூஞ்சி வேணும்னு நான் கேட்கல” என்று அக்கா சொல்ல, இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

கூட்டம் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல் மேசையைச் சுற்றி நடந்தது. அங்கிள் அளந்து, அமைதியாக, நல்ல ஆங்கிலத்தில் பேசினார். தமக்கு யார் மீதும் வருத்தமில்லை, பிள்ளைகளின் பாதுகாப்பு ஒன்றே கவலை, குழுவே செடி நச்சு என்று ஒப்புக்கொண்டு பலகை வைத்திருக்கிறது என்றார். ஒரு குழந்தையின் கண் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எதிரே நிற்கும் எந்த நியாயமும் சிறுத்துவிடும்; சிறுக்கவும் வேண்டும். ஆகவே நான் ஆபத்தை மறுக்கவில்லை. செடிகளைச் சுற்றி உயரமான கம்பிவலை போடலாம், கதவுக்குப் பூட்டுப் போடலாம், பொறுப்பை அக்காவும் நானும் எழுதிக் கொடுக்கிறோம் என்றேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கோபத்தில் ஆங்கிலம் வராமல் அக்கா என்னிடம் தமிழில், “தலைவருகிட்ட கேளும்மா. கார்பார்க் ஓரம் பூரா அரளி வச்சிருக்காங்களே, அது மட்டும் பாலா ஊத்துது? அரளிய அரைச்சுக் குடிச்சு எத்தனை பேரு போய்ச் சேந்திருக்காங்க?” என்றார்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். தலைவர் சற்று யோசித்தார். அரளியைப் பற்றி இதுவரை யாரும் புகார் செய்யவில்லையே என்றார். கேலியாகச் சொல்லவில்லை. புகார் வந்தால் பதில் எழுதவேண்டும், பதிலில் ஒரு நடவடிக்கை இருக்கவேண்டும் என்பதை அவர் உண்மையாகவே நம்பினார். நஞ்சு செடியில் இருப்பதில்லை, புகாரில்தான் இருக்கிறது என்பதை அன்று நான் கற்றேன். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

செடிகளை வெட்டுவது என்று முடிவானபோது அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். செடியில் இருக்கும் புழுக்கள் கூடு கட்டும்வரை விட்டுவையுங்கள், பிறகு தாமே வெட்டிவிடுகிறேன் என்றார். மாத முடிவுவரை என்று தலைவர் ஒப்புக்கொண்டார். அங்கிளும் தலையாட்டினார்.

மாத முடிவு வரவில்லை. பக்கத்து புளோக்கில் மரக்கிளைகளைக் கழிக்க ஒப்பந்தக்காரரின் லாரி வந்திருந்தது. எருக்கும் எப்படியும் வெட்டவேண்டிய பட்டியலில் இருந்ததால், ஒரே நடையில் முடித்துக்கொண்டு போகலாம் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த முற்பகல் அது. மரத்தைத் தூளாக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே அக்காவின் குரல் கேட்டு ஓடினேன். இரண்டு செடிகள் அதற்குள் இயந்திரத்தின் வாய்க்குள் போய்விட்டிருந்தன. மூன்றாவது தரையில் கிடந்தது. வேலையாள்கள் வங்காளதேச இளைஞர்கள்; அக்கா ஏன் அழுகிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அக்கா குந்தி உட்கார்ந்து, கிளைகளைப் புரட்டிப் புரட்டிப் புழுக்களை எடுத்தார். விரல்களெல்லாம் பால். “கண்ணைத் தொடாதீங்கக்கா” என்று மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வாளியில் இருபதுக்கும் மேற்பட்ட புழுக்கள் இருந்தன. கூடவே எடுத்த இலைகள் அன்றே தீர்ந்தன. அந்த வயதில் அவை தின்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. அக்கா முருங்கை, முட்டைக்கோஸ், கங்கோங் எல்லாம் போட்டுப் பார்த்தார். புழுக்கள் இலை மேல் ஏறி, தலையை ஆட்டி மோந்து, இறங்கிவிட்டன. நர்சரியில் எருக்கு தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வரும் என்றார்கள். பூங்காக்களில் உண்டு, அங்கே இலை பறிப்பது குற்றம். முன்கூட்டி அனுமதி கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, கிடைத்தது, பரிசீலிக்கப்படும் என்று உடனே பதில் வந்தது. கேட்காமலே போய்ப் பறித்து வரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“வேணாம்மா. இன்னொரு புகாரை நான் தாங்க மாட்டேன்” என்றார்.

“அப்ப தேக்கா போலாம்க்கா. சதுர்த்திக்கு எருக்கு வந்திருக்கும்.”

நாங்கள் போனது சதுர்த்திக்கு முதல் நாள். தேக்காவின் பஃபலோ சாலைப் பூக்கடைகளில் நிற்க இடமில்லை. எருக்கு வந்திருந்தது, அதுவரை ஒரே இடத்தில் நான் அவ்வளவு எருக்கைக் கண்டதில்லை. வெள்ளையும் ஊதாவுமாக, மாலை மாலையாகக் கம்பியில் தொங்கியது. கோக்காதவை நெகிழிப் பைகளில் மூட்டையாகக் கிடந்தன. ஓர் இலை இல்லை.

“இலையா? எருக்கிலையா?” கடைக்கார அம்மா மாலையை மடித்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதை யாரு வாங்குவா? பூ மட்டும்தான் வரும். இலை வேணும்னா ரத சப்தமிக்குச் சொல்லி வை, தலையில வச்சுக் குளிக்கறவங்க கேட்பாங்க.”

“அது எப்பங்க?”

“தை மாசம்.”

அக்கா வேறு கடைகளில் கேட்டார். ஒருவர், வாழையிலை தரட்டுமா என்றார். மூன்றாவது கடையில், கையில் இரண்டு எருக்கமாலைகளும் அறுகம்புல் கட்டுமாக நின்றிருந்தார் அங்கிள். எங்களைப் பார்த்ததும் மாலைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் ஒரு கணம் தடுமாறினார்.

“சாமிக்கு” என்றார்.

“தெரியுது அங்கிள்” என்றார் அக்கா. “பூ மட்டும் விஷமில்லையா?”

கடைக்கும் சாலைக்கும் நடுவிலிருந்த குறுகிய நடைபாதையில், கூடைகளோடு ஆள்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அங்கிள் ஓரமாக நகர்ந்தார்.

“இங்க பாரு, நான் வெட்டச் சொன்னது மாசக் கடைசிலதான். லாரி வந்தது எனக்குத் தெரியாது. சத்தியமா.”

“புகார் எதுக்குக் குடுத்தீங்க? உங்க வீட்ல சின்னப் பிள்ளைங்க யாரும் இல்லையே.”

“இல்ல. அதான்.” அவர் குரல் இறங்கியது. “மருமக பேத்திய தூக்கிட்டுப் போயிட்டா. பையனும் வீட்டை விட்டுப் போயிட்டான், பேசவே மாட்றான். எருக்கு முளைச்ச வீடுன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா? அதை அந்தச் சீனர்கிட்டயும் மாக்சிக்கிட்டயும் போய்ச் சொல்லவா? கிறுக்கன்னு நினைப்பாங்க லா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீதான் விஷம்னு சிவப்பா எழுதி வச்சிருந்தியே. அதைக் காட்டினேன். பொய் ஒண்ணும் சொல்லலையே?”

அவர் பொய் எதுவும் சொல்லவில்லை.

“உங்க மகன் பிரிஞ்சது போன வருஷம் அங்கிள்” என்றார் அக்கா. “நான் செடி வச்சது இந்த வருஷம்.”

“எனக்குத் தெரியாதா? கணக்கு எனக்கும் வரும். தெரிஞ்சு என்ன பண்ண? தினம் காலைல சன்னலைத் திறந்தா அதுதானே கண்ணுல நிக்குது.”

அக்கா அவரையே பார்த்தார். “எங்கம்மா போயிட்டாங்க. வேலை போச்சு. என் வீட்ல எருக்கு முளைக்காமலே முளைச்சிருச்சு அங்கிள். அந்தச் செடி வந்த பிறகுதான் நான் கதவைத் திறந்தேன்.”

அங்கிள் தம் கையிலிருந்த மாலைகளைப் பார்த்தார். பிறகு ஒரு மாலையை அக்காவின் கையில் திணித்தார். “இதையாவது கொண்டுபோய்ப் போடும்மா. பூவாவது தின்னுதா பாரு” என்று சொல்லி, கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அந்த மாலையை நாங்கள் வாங்கியிருக்கக் கூடாது என்று பின்னால் யோசித்திருக்கிறேன். ஆனால் பசித்த உயிர்களை வீட்டில் வைத்துக்கொண்டு நிற்பவர் வேறென்ன செய்வார்? அன்று மாலை அக்கா நாரைப் பிரித்து, பூக்களைக் கழுவித் துடைத்து, தட்டில் பரப்பினார். புழுக்கள் ஏறின. மோந்தன. தின்னத் தொடங்கின. அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை, பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்த என் அம்மாவிடம் சொல்லிவிட்டு மேலே போனபோது, பூவைத் தின்ற அத்தனையும் தட்டில் சுருண்டு கிடந்தன. வழியில் பூ வாடாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க எவர் என்ன தெளித்தார்களோ, எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன். அங்கிளிடம் இதை நாங்கள் சொல்லவில்லை. அவருக்கு அது நிமித்தமாகத்தான் பட்டிருக்கும்.

பூவைத் தொடாமல் கிடந்த ஒன்று, ஏற்கெனவே போதுமான அளவு தின்றிருந்தது போலும், குளியலறைக் கம்பியில் தொங்கிக் கூடு கட்டியது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டார். கூடு வெடித்து, கசங்கிய இறக்கையோடு வெளிவந்து, அது ஈரம் காய நின்றுகொண்டிருந்தது. பெண் பூச்சி. இறக்கை விறைத்ததும் அக்கா சன்னலைத் திறந்தார். அது எந்த அவசரமும் இல்லாமல் கீழே இறங்கி, தோட்டத்தின் மேல் வட்டமிட்டது.

“எங்க போய் முட்டை வைக்கும்?” என்று கேட்டார்.

சன்னலை மூடிவிட்டுத் தேநீர் போடப் போனார்.

குழு அவருடைய நிலத்தைப் பறிக்கவில்லை. விதிகளுக்கு உட்பட்ட காய்கறி எதையும் அவர் நடலாம் என்று ஒரு கடிதம் கொடுத்தது. செயலாளர் என்ற முறையில் அதை எழுதிக் கையெழுத்திட்டது நான். அதில் ஒரு கடுஞ்சொல் இல்லை. அக்கா கடிதத்தை வாங்கிப் படித்து, மடித்து, “நல்லா எழுதியிருக்கம்மா” என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

அடுத்த குலுக்கலுக்கு முன்பே அக்கா நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆண்டு முடிவதற்குள் வீட்டை வாடகைக்கு விட்டு, தீவின் வடகிழக்கில் இருக்கும் பொங்கோலில் தம்பி குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். தம்பியின் வீட்டில் அவருக்குக் கொடுத்த அறையில் சன்னல் சிறியது என்று என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னாராம். வேறு குறை சொல்லவில்லை. அங்கிளின் மகன் இன்னும் வரவில்லை. நான் குழுவிலிருந்து விலகிவிட்டேன். அந்த நிலத்தில் இப்போது ஒருவர் கத்தரி போட்டிருக்கிறார். வெந்தய வரியன் எங்கள் புளோக்குப் பக்கம் வருவதில்லை.